காக்கும் கைக்கும் கட்டுப்பாடு வேண்டும்

"கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நீங்கள், ஊரைச் சூறையாட வருபவன் ஆயுதத்துடன் வாயிலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?" என்னும் வினா நம்மை நோக்கி எழுப்பப்படுவது புதிதன்று. சிலர் ஏளனமாகக் கேட்கிறார்கள். சிலர் உண்மையாகவே விடை தேடிக் கேட்கிறார்கள். நம் வீட்டு இளைஞர்களே கேட்கும்போது, நாம் பெரும்பாலும் இரண்டில் ஒரு விடையைக் கூறி அனுப்பிவிடுகிறோம். "அறவோர் எதையும் பொறுத்துக்கொள்வர்" என்பது ஒன்று. "இல்லறத்தானுக்குத் தற்காப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது" என்பது மற்றொன்று. முதல் விடை கேட்பவரை நிறைவு செய்வதில்லை. இரண்டாவது விடை மிக எளிதாக நிறைவு செய்துவிடுகிறது. அதுவே அதன் குறை. அனுமதி என்ற சொல்லோடு சிந்தனை நின்றுவிடுகிறது. அந்த அனுமதி எதுவரை செல்லும், அதைப் பயன்படுத்தியவன் பின்னர் எதற்குக் கடமைப்பட்டவன் ஆகிறான் என்பவற்றை நாம் பேசுவதே இல்லை.

இதனைக் கற்பனை எடுத்துக்காட்டுகளால் ஆராய்வதைவிட, நம் காலத்தில் உண்மையாகவே நிகழ்ந்த ஒரு போரை முன்னிறுத்தி ஆராய்வது நலம். நமக்கு அருகிலுள்ள போர் ஒன்றை எடுத்துக்கொண்டால் நமது விருப்பு வெறுப்புகள் இடையில் வந்து நிற்கும். ஆதலால் நம் நாட்டோடு நேர்த்தொடர்பு இல்லாத, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கு நமக்கு உறவினரும் இல்லை, பகைவரும் இல்லை. நடுநிலையில் நின்று பார்க்க அத்தொலைவு நமக்கு உதவும்.

பாலையின் கரை

மாலி நாட்டின் வடபகுதி முழுவதும் சகாராப் பாலைவனம். அதன் தென்விளிம்பில் புல்லும் முட்செடியும் வளரும் வறண்ட நிலப்பகுதிக்குச் சாஹேல் என்று பெயர். அரபு மொழியில் அச்சொல்லுக்குக் கரை என்று பொருள். மணல்வெளியைக் கடலாகவும், ஒட்டகத்தைக் கலமாகவும் கொண்டு வாழ்ந்த மக்கள், அக்கடல் முடியும் இடத்தைக் கரை என்றனர். அக்கரையில், நைஜர் ஆற்றுக்கு அருகே அமைந்த தொன்மையான நகரம் திம்புக்டு. உப்பு வணிகத்தால் வளர்ந்த அந்நகரம் கல்வியாலும் புகழ் பெற்றது. சட்டம், வானியல், மருத்துவம், ஒழுக்கநெறி எனப் பல துறைகளைச் சேர்ந்த கையெழுத்துச் சுவடிகள் அங்குள்ள குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்தன. சான்றோர் பலருடைய மண்ணாலான அடக்கத்தலங்களும் அங்கு இருந்தன. 1988-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

2011-ஆம் ஆண்டில் லிபியாவின் ஆட்சி வீழ்ந்தது. அங்குப் படைப்பணி செய்த துவாரெக் இனத்தவர் பலர் ஆயுதங்களுடன் மாலிக்குத் திரும்பினர். 2012 சனவரியில் வடபகுதிக்குத் தனிநாடு கோரும் கிளர்ச்சி தொடங்கியது. மார்ச்சு மாதத்தில் தலைநகர் பமாக்கோவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அக்குழப்பத்தில் கிடால், காவோ, திம்புக்டு ஆகிய மூன்று நகரங்களும் சில நாள்களுக்குள் அரசின் கையைவிட்டுப் போயின. அதன்பின், புனிதப்போர் என்ற பெயரால் ஆயுதம் ஏந்திய குழுக்கள் தனிநாடு கோரியவர்களையும் விரட்டிவிட்டு ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டன.

அவர்களுடைய ஆட்சியில் இசை தடை செய்யப்பட்டது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் கைகள் வெட்டப்பட்டன. பெண்கள் உடையின் பெயரால் தண்டிக்கப்பட்டனர். 2012 சூன் மாத இறுதியில் தொடங்கி, திம்புக்டுவின் அடக்கத்தலங்கள் மண்வெட்டியாலும் கடப்பாறையாலும் இடிக்கப்பட்டன. ஒன்றை இங்கே அழுத்தமாகக் குறிப்பிட வேண்டும். இடித்தவர்களும் முஸ்லிம்கள், இடிக்கப்பட்ட தலங்களில் வழிபட்டவர்களும், கை இழந்தவர்களும், இசை இழந்தவர்களும் முஸ்லிம்கள். ஆகவே இதனை ஒரு சமயத்தாரின் குற்றமாகக் கருதுவோர், முதலில் துன்புற்ற மக்களுக்கே அநீதி இழைக்கின்றனர்.

2013 சனவரி 10 அன்று அக்குழுக்கள் தெற்கு நோக்கி வந்து கோனா என்னும் ஊரைக் கைப்பற்றின. மாலியின் இடைக்கால அதிபர் பிரான்சு நாட்டின் உதவியை வேண்டினார். மறுநாளே பிரெஞ்சு விமானங்கள் தாக்குதலைத் தொடங்கின. அம்மாத இறுதிக்குள் திம்புக்டு மீட்கப்பட்டது. மக்கள் தெருவில் கூடி ஆர்ப்பரித்துப் படையினரை வரவேற்றனர். பின்வாங்கிய குழுக்கள் அல்சீரிய எல்லையை ஒட்டிய அத்ரார் இஃபோகாஸ் மலைகளில் பதுங்கின. பிப்ரவரி மாதம் அம்மலைகளில் நடந்த கடும் போரில் சாட் நாட்டுப் படைவீரர் 20-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் உயிரிழந்தனர்.

இனி நம்மை நோக்கி எழுப்பப்படும் வினாவை நாமே எழுப்பிக்கொள்வோம். கோனா வீழ்ந்த அந்த நாளில், படையை அனுப்பாதே என்று நாம் சொல்லியிருப்போமா? கை இழந்தவனைப் பார்த்து, பொறுத்துக்கொள் என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா? தன் உடலுக்கு வரும் துன்பத்தைத் தான் பொறுத்தல் தவம். பிறன் உடலுக்கு வரும் துன்பத்தை நாம் பொறுத்தல் எவ்வகைத் தவம்?

நால்வகை இம்சை

நம் ஆன்றோர் இம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், துப்புரவு செய்தல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, தொழில், வாணிகம் இவற்றில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் பிறரையும் தாக்க வருபவனை எதிர்த்துத் தடுக்கும்போது நேர்வது விரோத இம்சை. மகாவிரதம் பூண்ட துறவிக்கு நான்கும் விலக்கு. அணுவிரதம் பூண்ட இல்லறத்தானுக்கு முதலாவது முற்றிலும் விலக்கு. ஏனைய மூன்றையும் அவனால் முற்றிலும் விட இயலாது என்பதை உணர்ந்து, இயன்றவரை குறைக்குமாறு பணித்தனர்.

விட இயலாது என்பதற்கும் குற்றமில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கூர்ந்து நோக்குதல் வேண்டும். அடுப்பு மூட்டும்போது சிற்றுயிர்கள் மடிகின்றன. அதனால் நாம் அடுப்பு மூட்டாமல் இருப்பதில்லை. ஆனால் அடுப்பு மூட்டுவதைப் புண்ணியச் செயல் என்று எவரும் கொண்டாடுவதில்லை. விறகைத் தட்டிப் பார்க்கிறோம், தண்ணீரை வடிகட்டுகிறோம், இரவில் அடுப்பைத் தவிர்க்கிறோம். தவிர்க்க முடியாத இம்சையைச் சுற்றி இத்தனை வேலிகளை அமைத்த நாம், விரோத இம்சை என்று வந்தவுடன் எல்லா வேலிகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அதனை வீரம் என்றும் வெற்றி என்றும் கொண்டாடுவது எவ்வாறு பொருந்தும்? சமையலறையில் எறும்புக்குக் காட்டும் கவனத்தைப் போர்க்களத்தில் மனிதனுக்குக் காட்டலாகாதா?

ஆகவே நமது விடை இதுவாகும்: கோனாவின் வாயிலில் நின்று தடுத்த படைவீரனைக் குற்றவாளி என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவன் செய்தது இம்சை அன்று எனவும் சொல்லமாட்டோம். அவன் ஒரு சுமையை ஏற்றுக்கொண்டான். அச்சுமையை அவன் எவ்வாறு சுமக்கிறான் என்பதிலேதான் அறம் இருக்கிறது.

எல்லை கடந்த கை

சுமையென்பதை மறந்து உரிமையென்று எண்ணும்போது என்ன நிகழ்கிறது என்பதையும் அதே நாடு நமக்குக் காட்டுகிறது.

2021 சனவரி 3 அன்று, மாலியின் நடுப்பகுதியிலுள்ள பூன்டி என்னும் சிற்றூருக்கு அருகே பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. ஆயுதக் குழுவினர் மீதே தாக்குதல் நடத்தியதாகப் பிரான்சு கூறியது. நேரில் ஆய்ந்த ஐ.நா. குழுவினர், அங்கே திருமண விழாவொன்று நடைபெற்றதாகவும், ஏறத்தாழ 100 பேர் கூடியிருந்ததாகவும், அவர்களிடையே ஆயுதம் தாங்கியோர் 5 பேர் இருந்ததாகவும், இறந்த 22 பேரில் 19 பேர் பொதுமக்கள் எனவும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அறிக்கை வெளியிட்டனர். பிரான்சு அவ்வறிக்கையை ஏற்கவில்லை.

அடுத்த ஆண்டில் இதனினும் கொடியது நிகழ்ந்தது. 2022 மார்ச்சு 27, ஞாயிற்றுக்கிழமை. மூரா என்னும் ஊரில் வாரச் சந்தை கூடியிருந்தது. அவ்வூரில் ஆயுதக் குழுவினர் இருந்தது உண்மை; அவர்களுக்கும் படையினருக்கும் தொடக்கத்தில் மோதல் நிகழ்ந்ததும் உண்மை. ஆனால் மோதல் ஓய்ந்த பின்னரும் மாலி இராணுவத்தினரும் அவர்களோடு வந்த அயல்நாட்டு ஆயுதப் படையினரும் நான்கு நாள்கள் அவ்வூரைவிட்டுப் போகவில்லை. பிடிபட்டவர்களைப் பொறுக்கியெடுத்துச் சுட்டனர். குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 மே மாதத்தில் அறிவித்தது. மாலி அரசு அதனை மறுத்து, இறந்தவர்கள் போராளிகளே என்றது.

எவ்வாறு பொறுக்கியெடுத்தனர் என்பதையும் அவ்வறிக்கை கூறுகிறது. நீண்ட தாடி வைத்தவர்கள். கணுக்காலுக்கு மேல் நிற்கும் காற்சட்டை அணிந்தவர்கள். துப்பாக்கி சுமந்த தழும்போ என்று ஐயுறும்படி தோளில் தடம் உடையவர்கள். இவர்களோடு, முகத்தில் அச்சம் தெரிந்தவர்களும் பிரித்தெடுக்கப்பட்டனராம். அன்பர்களே, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்படும் இடத்தில் அஞ்சாத முகம் எது? அச்சத்தையே குற்றத்தின் அடையாளமாகக் கொண்ட பின்னர், அங்கே குற்றமற்றவன் என்று ஒருவன் இருக்க முடியுமா?

தடுத்தல் எந்த நொடியில் முடிந்தது? எதிர்த்தவனின் கையிலிருந்து ஆயுதம் விழுந்த நொடியில். அதற்குப் பின் சுடப்பட்ட முதல் குண்டு விரோத இம்சை அன்று. அது சங்கல்ப இம்சை. சீருடை அதுவே, துப்பாக்கி அதுவே, கொல்லப்பட்டவர்களில் சிலர் உண்மையிலேயே பகைவராகவும் இருந்திருக்கலாம். எனினும் செயலின் இயல்பு அடியோடு மாறிவிட்டது. இல்லறத்தானுக்கும் முற்றிலும் விலக்கப்பட்ட அந்த முதலாம் வகைக்கும், விட இயலாதது என்று விடப்பட்ட நான்காம் வகைக்கும் நடுவே மதிற்சுவர் ஏதும் இல்லை. ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது. அக்கோடு வெளியே எங்கும் வரையப்படவில்லை. தடுப்பவனின் உள்ளத்தில் வரையப்பட்டிருக்கிறது.

கோடு அழிந்த செய்தி விரைந்து பரவும். ஆயுதக் குழுக்களில் ஃபுலானி என்னும் மேய்ச்சல் இனத்தவர் பலர் இருந்ததால், அவ்வினத்தார் அனைவருமே ஐயத்துக்கு உள்ளாயினர். 2019 மார்ச்சு 23 அன்று ஒகொசாகு என்னும் ஃபுலானி ஊரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 150-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள், ஊர்க்காவலுக்கு என்று ஆயுதம் ஏந்திய வேட்டைக்காரக் குழுவினர் எனக் கருதப்பட்டது. காவல் என்ற சொல் கொலைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தெரியாமல் நேர்ந்தது என்னும் வாதம்

இங்கு ஒரு மறுப்பு எழும். "பகைவன் சீருடை அணிவதில்லை, மக்களுக்குள் மறைந்து நிற்கிறான், சாலையில் கண்ணிவெடி புதைக்கிறான். குளிர்ந்த அறையில் அமர்ந்து அறம் பேசுவோருக்கு, கொதிக்கும் மணலில் நிற்கும் வீரனின் அச்சம் தெரியுமா?" என்பர். இம்மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. மாலியில் பணிபுரிந்த ஐ.நா. அமைதிப் படையினர் பத்தாண்டுகளில் 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரெஞ்சு வீரர்களும், அவர்களினும் மிகப் பலராக மாலி நாட்டு வீரர்களும் மடிந்தனர். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. அவர்களுடைய அச்சத்தை இகழ நமக்கு உரிமை இல்லை.

எனினும் நமது நெறி இம்சையின் வேரைக் கையில் காணவில்லை. பிரமாதத்தில், அதாவது கவனக்குறைவில் காண்கிறது. விழிப்போடு நடந்தவனின் காலடியில் ஓர் உயிர் மடிந்தால் அதற்கு ஓர் அளவு. பாராமல் நடந்தவனின் காலடியில் உயிர் ஏதும் மடியாவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே. இதனால்தான் துறவியர் நான்கு முழத் தொலைவுக்கு முன்னே நிலத்தைப் பார்த்து நடக்கின்றனர். வெறுங்காலோடு நடப்பவனுக்கே இத்தனை கவனம் விதிக்கப்பட்டதாயின், பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து நெருப்பை எறிபவனுக்கு எத்தனை மடங்கு கவனம் வேண்டும்? ஆற்றல் பெருகப் பெருகக் கவனமும் பெருக வேண்டும். "தெரியவில்லை" என்று சொல்பவனை, "தெரிந்துகொள்ள முயன்றாயா?" என்று கேட்பதே அறத்தின் முறை. முயன்றும் தெரியவில்லை எனின் அது துயரம். முயலவே இல்லை எனின் அது குற்றம்.

ஆயுதமின்றிக் காத்தவர்கள்

காத்தல் என்றவுடன் நாம் ஆயுதத்தையே நினைக்கிறோம். திம்புக்டுவில் வேறு வகைக் காவலும் நடந்தது. 2012-ஆம் ஆண்டில் அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டபோது, அடுத்துச் சுவடிகளுக்கு என்ன நேருமோ என்று அஞ்சினர், அவற்றைக் காத்துவந்த குடும்பத்தார். அப்துல் காதர் ஹைதரா என்னும் நூலகரும் அவருடன் சேர்ந்தோரும் சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடுக்கினர். இரவில் கழுதை வண்டிகளில் ஏற்றி வீடுகளில் மறைத்தனர். பின்னர்ச் சிறிது சிறிதாகக் கார்களிலும், நைஜர் ஆற்றில் படகுகளிலும் தெற்கே பமாக்கோவுக்குக் கொண்டு சேர்த்தனர். அவ்வாறு சென்ற சுவடிகள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவை எனக் கணக்கிடப்பட்டது. 2013 சனவரியில் ஊரைவிட்டு ஓடிய ஆயுதக் குழுவினர் அரசுச் சுவடி நிலையத்தில் ஏறத்தாழ 4,000 சுவடிகளை எரித்தனர். எஞ்சியவை பிழைத்ததற்கு ஊராரின் முன்னறிவே காரணம்.

சுவடிகளை வெயிலில் உலர்த்தி, பட்டுத் துணியில் பொதிந்து, சுருத பஞ்சமியன்று பூசித்து வரும் நமக்கு அம்மக்களின் உள்ளம் புரியாமல் போகாது. அவர்கள் யாரையும் கொல்லவில்லை; பிடிபட்டிருந்தால் கொடிய தண்டனை பெற்றிருப்பார்கள். ஆயுதம் இல்லாத அவர்களுடைய காவல் கோழைத்தனமும் அன்று, செயலின்மையும் அன்று. மணலில் நின்ற வீரனுக்கு இருந்த அச்சம் அவர்களுக்கும் இருந்தது. அந்த அச்சத்தை அவர்கள் பிறர்மீது திருப்பவில்லை; விழிப்பாக மாற்றிக்கொண்டனர்.

இதனைக்கொண்டு, படையே வேண்டாம், பெட்டிகளே போதும் என்று நாம் வாதிடவில்லை. சுவடியை மறைக்கலாம், ஊரையே பெட்டியில் வைத்து மறைக்க இயலாது. கொல்லாமல் காக்கும் வழிகளைத் தேடி முடித்த பின்னரே மற்ற வழிக்குச் செல்ல உரிமை உண்டு என்பதே நாம் சொல்ல வருவது. தேடாமலே "வேறு வழி இல்லை" என்பவன் உண்மை பேசுபவன் அல்லன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவன்

இப்போரில் நம் உள்ளத்தை மிகவும் உறுத்தும் செய்தி இனிமேல்தான் வருகிறது.

அடக்கத்தலங்களை இடிக்கும் வேலையை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் அஹ்மத் அல் ஃபக்கி அல் மஹ்தி. அவர் பிடிபட்டு, தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 2016 ஆகத்து 22 அன்று அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். திம்புக்டு மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். தம்மைப்போல் எவரும் செய்யவேண்டா என்று உலக முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டார். நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 27 லட்சம் யூரோ ஈட்டுத்தொகையும் பின்னர் வரையறுக்கப்பட்டது. தண்டனை குறையும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்கலாம். உள்ளத்தை நாம் அறியோம். எனினும் வாயால் சொன்னார். உலகம் கேட்கச் சொன்னார்.

இதனை எண்ணிப் பார்ப்போம். மண் கட்டடங்களை இடித்தவன் "தவறு செய்தேன்" என்றான். திருமணத்துக்கு வந்தவர்கள் மாண்ட பூன்டிக்கு எவரும் அவ்வாறு சொல்லவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் மாண்ட மூராவுக்கு எவரும் அவ்வாறு சொல்லவில்லை. இடித்தவனின் தரப்பு தீயது. தடுத்தவர்களின் தரப்பு நியாயமானது. ஆயினும் ஒப்புக்கொள்ளும் சொல் நியாயமான தரப்பிலிருந்து வரவில்லை. தன் தரப்பு நியாயமானது என்ற உறுதியே அவர்களுடைய நாவைக் கட்டியது போலும்.

பிரதிக்கிரமணம் என்பதை நமக்கு நாள்தோறும் விதித்தவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். அது தீயவர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று; முனிவர்களுக்கும் விதிக்கப்பட்டது. ஒருநாள் முழுதும் விழிப்போடு நடந்தவரும், மாலையில் அமர்ந்து, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை எண்ணி, மன்னிப்பு வேண்டுகிறார். நல்லவன் என்பதால் பிழை கூறுதலிலிருந்து விலக்குப் பெற்றவர் எவரும் இல்லை. தனி மனிதனுக்கு இது பொருந்துமாயின், அவனினும் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் பெற்ற அரசுக்கும் படைக்கும் பொருந்தாமல் போகுமா?

இடிந்த அடக்கத்தலங்களை 2014-இல் தொடங்கி 2015-க்குள் அவ்வூர்க் கொத்தர்களே தம் முன்னோர் முறைப்படி மண் குழைத்து மீண்டும் கட்டிவிட்டனர். கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிகிறது. பூன்டியிலும் மூராவிலும் போனவர்களை எந்தக் கொத்தன் மீட்டுத் தருவான்? அவர்களுக்கு நாம் தரக்கூடியது உண்மை ஒன்றே. அதுவும் தரப்படவில்லை.

2022 ஆகத்தில் பிரெஞ்சுப் படை மாலியைவிட்டு வெளியேறியது. 2023 இறுதியில் ஐ.நா. படையும் வெளியேறியது. 2024 சூலையில் அல்சீரிய எல்லையிலுள்ள தின்சவாத்தென் அருகே மாலி இராணுவமும் அதற்குத் துணைநின்ற உருசியக் கூலிப்படையும் பெரும் இழப்பைச் சந்தித்தன. முதல் குண்டு விழுந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகியும் போர் ஓயவில்லை. கொன்ற எண்ணிக்கையால் அமைதி வருமாயின், எப்போதோ வந்திருக்க வேண்டும்.

வென்றவன் கண்ட உண்மை

பரதனும் பாகுபலியும் எதிரெதிரே நின்ற வரலாற்றை ஸ்ரீபுராணம் கேட்டோர் அறிவர். இருவர் பூசலுக்காக இரு சேனைகள் மடியவேண்டா என்று அமைச்சர்கள் வேண்ட, அண்ணனும் தம்பியும் தாமே பொருதனர். நோக்கிலும் நீரிலும் மல்லிலும் பாகுபலியே வென்றான். தூக்கிய தமையனைத் தரையில் எறியாமல் இறக்கிவிட்டான். வென்ற அந்த நொடியில் அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. தான் எதற்காக இதைச் செய்தோம் என்ற வெறுப்பே வந்தது. அரசைத் துறந்து சென்றான்.

எல்லா வீரரும் பாகுபலி ஆதல் இயலாது. எல்லா அரசும் துறவு பூணுதல் இயலாது. ஆயினும் அவ்வரலாறு மூன்று பாடங்களைச் சொல்கிறது. பூசலில் தொடர்பில்லாதவர்களை விலக்கி நிறுத்து. வென்றவுடன் கையை நிறுத்து. நிறுத்திய பின் உன்னை நீயே நோக்கு. இம்மூன்றையும் எந்தப் படைத்தலைவனும் கைக்கொள்ள முடியும். திருமண வீட்டையும் போர்க்களத்தையும் பிரித்தறிதல் முதலாவது. ஆயுதம் விழுந்தபின் சுடாதிருத்தல் இரண்டாவது. தவறியபோது தவறினோம் எனல் மூன்றாவது. இவற்றைக் கைக்கொண்ட காவல், தவிர்க்க முடியாத இம்சையாக நிற்கும். இவற்றைக் கைவிட்ட காவல், தான் எதிர்த்த பகைவனின் சாயலையே ஏற்றுவிடும்.

நமக்கு இதில் என்ன பங்கு?

"நாம் எங்கே, மாலி எங்கே? நாம் யாரையும் சுடவில்லையே" என்று வாசகர் சிலர் நினைக்கலாம். வினை மூன்று வழிகளில் சேர்கிறது என்பது நமது கொள்கை: தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உள்ளத்தால் உடன்படுதல். முதல் இரண்டும் நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. மூன்றாவது நம் வீட்டுத் திண்ணையில், காலைச் செய்தித்தாளுடன் வந்து அமர்கிறது.

எங்கோ ஒரு படை இத்தனை பேரைக் கொன்றது என்று படிக்கிறோம். தாக்கப்பட்டவர்கள் தீயவர்கள் என்று அதே செய்தியில் எழுதியிருக்கிறது. நம் உள்ளத்தில் ஒரு நிறைவு எழுகிறது. அந்த எண்ணிக்கைக்குள் அஞ்சிய முகங்கள் எத்தனை, சந்தைக்கு வந்தவர்கள் எத்தனை என்று நாம் கேட்பதில்லை. இறந்தவர்கள் அனைவரும் உண்மையிலேயே தீயவர்களாக இருந்தாலும், ஓர் உயிர் பிரிந்ததில் நாம் கொண்ட மகிழ்ச்சி நம்முடைய வினைதான். துப்பாக்கி ஏந்தியவனுக்காவது உயிர் அச்சம் என்ற காரணம் உண்டு. தேநீர் அருந்தியபடி மகிழ்ந்த நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே, ஊர் வாயிலில் பகைவன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நம் இளைஞர் கேட்கும்போது, இனி இவ்வாறு விடை கூறுவோம்: "கொல்லாமல் காக்கும் வழிகளை முதலில் தேடுவோம். எவ்வழியும் இல்லையெனில் தடுப்போம். தடுக்கும்போது பகைவனையும் ஊராரையும் பிரித்தறிவோம். அவன் கை தாழ்ந்தவுடன் நம் கையையும் தாழ்த்துவோம். பின்னர் அமர்ந்து, நேர்ந்த உயிர்க்கேட்டுக்கு வருந்துவோம். பிழை நேர்ந்திருந்தால் மறைக்கமாட்டோம். எந்நிலையிலும் கொண்டாடமாட்டோம்."

இது கோழையின் விடையும் அன்று, கொலைஞனின் விடையும் அன்று. எளிதாகச் சொல்லிவிட்டோம், செய்தல் அரிது என்பதை அறிவோம். அரிதாக இருப்பதனாலேயே அது விரதம் எனப்பட்டது. நாளைக் காலைச் செய்தித்தாளைக் கையில் எடுக்கும்போதே அவ்விரதத்தைத் தொடங்குவோமாக.